மேகக் கணிமையும் அரச தகவல்களின் பாதுகாப்பும்

க.பொ.த. சாதாரண தரம் – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

மாணவர்களே, மேகக் கணிமை பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது உங்களில் பெரும்பாலானோர் அதன் அனுகூலங்களை மளமளவென்று எழுதிவிடுகிறீர்கள். செலவு குறைவு, எங்கிருந்தும் அணுகலாம், தேவைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். இவை எல்லோருக்கும் மனப்பாடம். பிரதிகூலம் என்று வந்ததும் "பாதுகாப்பு இல்லை" என்ற இரண்டு சொற்களோடு பேனை நின்றுவிடுகிறது. எதிலிருந்து பாதுகாப்பு இல்லை? யாருடைய தகவலுக்கு? என்ன நடந்தால் அது வெளிப்படும்? இவற்றை எழுதினால்தான் புள்ளி. இப்பாடத்தில் அந்த இரண்டு சொற்களை விரித்து எழுதப் பழகுவோம். அதற்கு நமது நாட்டிலேயே 2023 ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் மிகவும் பொருத்தமான உதாரணமாகும்.

மேகம் என்பது எங்கே உள்ளது?

முதலில் ஒரு தெளிவு. மேகம் வானத்தில் இல்லை. அது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட அறைகளில் அடுக்கிவைக்கப்பட்டுள்ள சேவையகக் கணினிகளின் தொகுதியாகும். நாம் இணையத்தின் ஊடாக அக்கணினிகளின் சேமிப்பிடத்தையும் செயலாற்றும் திறனையும் மென்பொருளையும் பயன்படுத்துகிறோம். இதுவே மேகக் கணிமை. கட்டடம் என்றால் அதற்கு மின்சாரம் வேண்டும், காவல் வேண்டும், தீ பிடித்தால் அணைக்க ஏற்பாடும் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே வரும்.

நாம் இன்னமும் கச்சேரி என்றே அழைக்கும் கண்டி மாவட்டச் செயலகத்தையோ உங்கள் பிரதேச செயலகத்தையோ நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றைப் பெற, பிறப்புப் பதியப்பட்ட பிரிவுக்கே போக வேண்டும். அங்கே பழைய பதிவேடுகள் அலுமாரிகளில் இருக்கும். கலஹாவில் பிறந்தவர் வேறு மாவட்டத்தில் குடியிருந்தாலும், ஒரு பிரதிக்காகப் பஸ் ஏறி வந்தாக வேண்டும். பதிவுகள் கணினிக்கு மாறி, அலுவலகங்கள் வலையமைப்பால் இணைக்கப்பட்டபோது இந்த அலைச்சல் குறைந்தது. அடையாள அட்டைக்காகப் பாடசாலை மூலம் விண்ணப்பித்தபோது நீங்கள் கொடுத்த புகைப்படம், பிறந்த திகதி, முகவரி முதலியனவும் இன்று அரசிடம் உள்ள தகவல்களே. ஆகவே அரச தகவலின் பாதுகாப்பு என்பது ஏதோ அமைச்சர்மாரின் விடயம் அன்று. அதிலே உங்கள் பெயரும் உண்டு.

மேகச் சேவைகளின் மூன்று வகைகளையும் நீங்கள் கற்றிருப்பீர்கள்: உட்கட்டமைப்பை ஒரு சேவையாக வழங்கல், தளத்தை ஒரு சேவையாக வழங்கல், மென்பொருளை ஒரு சேவையாக வழங்கல். இவற்றை இங்கு விரிக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு நோக்கில் ஒரு விடயம் முக்கியம். உட்கட்டமைப்பை மட்டும் வாடகைக்கு எடுத்தால், அதன்மேல் நிறுவும் பணிசெயல் முறைமையையும் மென்பொருளையும் இற்றைப்படுத்துவது வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பு. மென்பொருளையே சேவையாகப் பெற்றால் அவ்வேலையை வழங்குநர் பார்ப்பார். எவ்வகையானாலும் கடவுச்சொல்லைக் காப்பதும், யார் எதைப் பார்க்கலாம் எனத் தீர்மானிப்பதும் பயனரின் கையிலேயே இருக்கும். "எல்லாம் மேகத்தில் இருக்கிறது, இனி நமக்கு வேலை இல்லை" என்ற எண்ணமே முதலாவது ஆபத்து என்பது என் கருத்து.

மூன்று இலக்குகள்

தகவற் பாதுகாப்பு என்பதற்கு மூன்று இலக்குகள் உண்டு. உரியவர் மட்டுமே தகவலைப் பார்க்க முடிவது இரகசியத்தன்மை. அனுமதியின்றி எவரும் அதை மாற்றாதிருப்பது முழுமைத்தன்மை. தேவையான நேரத்தில் அது கிடைப்பது கிடைக்குந்தன்மை.

வைத்தியசாலையில் உள்ள ஒருவரின் நோய் விபரத்தை வெளியார் ஒருவர் வாசித்தால் இரகசியத்தன்மை கெட்டது. முழுமைத்தன்மைக்கு நம் மாவட்டத்துடன் தொடர்புடைய உதாரணமே உண்டு. 2016 ஆகஸ்டில் அப்போதைய ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து, உயர்தரப் பரீட்சைக் காலம் பற்றிய கோரிக்கை ஒன்றை அதிலே இட்டார்கள். அச்சம்பவத்தில் கைதானவர்களுள் ஒருவர் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த 17 வயது மாணவர். கோரிக்கை நியாயமானதா இல்லையா என்பது வேறு விடயம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியற்ற அணுகலே குற்றமாகும். வகுப்பில் "சும்மா பார்க்கத்தானே சேர்" என்று கேட்பவர்கள் கவனிக்க.

மூன்றாவது இலக்கான கிடைக்குந்தன்மையை மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தகவல் திருடப்பட்டால்தான் பாதுகாப்பு மீறல் என எண்ணுகிறார்கள். 2023 சம்பவம் இம்மூன்றாவதைப் பற்றியது.

2023 ஆகஸ்ட் 26

இலங்கை அரச நிறுவனங்கள் பல ஒன்றாகப் பயன்படுத்துவதற்கென அமைக்கப்பட்டதே லங்கா அரச மேகம். 2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம், அதாவது ஐ.சி.டி.ஏ., அதனை நிருவகித்து வந்தது. இதைப் பொது மேகம் என எழுதிவிடாதீர்கள். பொது மேகத்தில் பணம் கட்டும் எவரும் வாடிக்கையாளராகலாம். இது அரச நிறுவனங்களுக்கு மட்டும் உரியது. எனவே தனியார் மேகம் எனலாம். ஒத்த தேவையுள்ள பல நிறுவனங்கள் பகிர்வதால் சமூக மேகம் என்று எழுதினாலும் காரணத்துடன் எழுதினால் பிழையில்லை.

2023 ஆகஸ்ட் 26, ஒரு சனிக்கிழமை. கண்டி நகரில் எசல பெரஹரா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அன்று இந்த மேகத்தில் இயங்கிய அரச மின்னஞ்சல் முறைமை ரன்சம்வெயார் எனப்படும் கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. இத்தீம்பொருள் கோப்புகளைத் திருடிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே அவற்றை மறைகுறியாக்கம் செய்து, உரியவராலேயே திறக்க முடியாதபடி பூட்டிவிடும். திறப்பு வேண்டுமாயின் பணம் கொடு என்பதே அதன் மிரட்டல். நம் வீட்டு அலுமாரிக்கு வேறொருவர் தமது பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்புக்கு விலை கேட்பதைப் போன்றது.

அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் பயன்படுத்தியவையும் அவற்றுள் அடங்கும். முறைமையை 12 மணித்தியாலங்களுக்குள் மீட்டதாக ஐ.சி.டி.ஏ. தெரிவித்தது. இதுவரை கேட்டால் நல்ல செய்திதான். ஆனால் மீட்ட பின்னர் பார்த்தால், 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லை. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளையும் தீம்பொருள் பூட்டிவிட்டது. அந்தக் காலப்பகுதிக்கு வேறு காப்புப் பிரதி இருக்கவில்லை. நாட்களைக் கூட்டிப் பாருங்கள்: மே மாதத்தில் 15, ஜூனில் 30, ஜூலையில் 31, ஆகஸ்டில் 26. மொத்தம் 102 நாட்கள். நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து மீள முயன்ற ஓர் ஆண்டின் 102 நாட்களுக்குரிய அரச கடிதப் போக்குவரத்து என்று எண்ணினால்தான் இழப்பின் பாரம் தெரியும்.

எப்படி நடந்தது?

இதற்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.

பயன்படுத்தப்பட்ட மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பதிப்பாகும். இப்பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஏப்ரல் 11 இல் நிறுத்திவிட்டது. ஆதரவு நிறுத்தப்படுதல் என்றால் என்ன? மென்பொருளில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் இற்றைப்படுத்தல் இனி வராது. ஓட்டை எங்கே என்பது உலகத்துக்கே தெரியும். அடைக்கத்தான் ஆள் இல்லை. புதிய பதிப்புக்கு மாற 2021 இலிருந்தே திட்டமிருந்தது என்றும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய சில தீர்மானங்களும் அதைத் தாமதப்படுத்தின என்றும் ஐ.சி.டி.ஏ. விளக்கம் தந்தது. பரீட்சை விடையில் இதை எழுதும்போது "நிதிப் பற்றாக்குறையும் ஒரு பாதுகாப்பு இடர்" என எழுதத் தயங்க வேண்டாம். ஆட்கள் வன்பொருளையும் மென்பொருளையும் மட்டுமே காரணமாகப் பார்க்கிறார்கள். பணம் ஒதுக்கத் தவறுவதும் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

அடுத்தது மனிதர். தாக்குதலுக்கு முந்தைய வாரங்களில் சந்தேகத்திற்கிடமான இணைப்புகள் கொண்ட மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன என்றும், யாரோ ஒருவர் அவற்றில் ஒன்றைச் சொடுக்கியிருக்கலாம் என்றும் கூறப்பட்டது. இவ்வாறு நம்பகமானவர் போல நடித்துத் தூண்டில் போடுவதை இணையத் தூண்டிலிடல் என்பர். ஒரே மேகத்தில் 5,000 முகவரிகள் இருக்கும்போது 4,999 பேர் கவனமாக இருந்தாலும் போதாது. மேகத்தின் பலமான பகிர்தலே இங்கு அதன் பலவீனமும் ஆகிறது. அலுவலகங்கள் தத்தம் கணினிகளைத் தனித்தனியே வைத்திருந்தால் ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும்.

மூன்றாவது காப்புப் பிரதி. என் பார்வையில் முழுச் சம்பவத்தின் சாரமும் இதுதான். காப்புப் பிரதி எடுத்தீர்களா என்று கேட்பது போதாது. கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எங்கே வைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். கடைசிக் காப்புப் பிரதிக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட காலமே இழப்பின் அளவு. நாள்தோறும் எடுத்தால் ஒரு நாள் போகும். இங்கே 102 நாட்கள் போயின. அதே வலையமைப்பில் இணைந்தே இருக்கும் பிரதியை மூலக் கோப்பைத் தாக்கும் தீம்பொருளே தாக்கும். உபரித் திறப்பை அலுமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே ஒரு பிரதியாவது இணைப்பைத் துண்டித்து, வேறிடத்தில் வைக்கப்பட வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்று வேறிடத்தில் என்பதை 3-2-1 விதி என்பர். சம்பவத்தின் பின்னர் நாள்தோறும் இணைப்பில்லாக் காப்புப் பிரதி எடுக்கவும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றவும் நடவடிக்கை எடுப்பதாக அறிவிக்கப்பட்டது. 2006 இல் அமைக்கப்பட்ட, கணினி அவசர நிலைகளுக்குப் பொறுப்பான இலங்கை சேர்ட் நிறுவனமும் மீட்புப் பணியில் உதவியது.

செல்வந்த நாட்டிலும் இதே கதை

"நம் நாட்டில் பணமில்லை, அதனால் நடந்தது" என்று முடித்துவிடலாமா? தென்கொரியாவைப் பாருங்கள். இணைய வசதியில் உலகின் முன்வரிசை நாடு அது. 2025 செப்டெம்பர் 26 இல் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கல அடுக்குகளை இடம்மாற்றும் வேலையின்போது தீ மூண்டது. நூற்றுக்கணக்கான அரச இணையச் சேவைகள் நிறுத்தப்பட்டன. அங்கே அரச ஊழியர்கள் தமது அலுவலகக் கோப்புகளைச் சேமிக்கும் ஜீ டிரைவ் என்ற மேகச் சேமிப்பகம் இருந்தது. ஏறத்தாழ 125,000 ஊழியர்கள் பயன்படுத்திய அந்தச் சேமிப்பகம் முற்றாக அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே காப்புப் பிரதி எடுக்கப்படவில்லை. அழிந்தது 858 டெராபைட்டு.

இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குச் செய்து பாருங்கள். அலகு மாற்றத்துக்கும் பயிற்சியாகும். 1 டெராபைட்டு 1024 கிகாபைட்டு எனக் கொண்டால் 858 × 1024 = 878,592 கிகாபைட்டு. உங்களிடமுள்ள 16 கிகாபைட்டு பென் டிரைவ்களில் நிரப்பினால் 54,912 பென் டிரைவ்கள் வேண்டும்.

இங்கே ஊடுருவியவர் எவரும் இல்லை, தீம்பொருளும் இல்லை. ஆனாலும் கிடைக்குந்தன்மை போயிற்று. இலங்கையில் தீம்பொருள், கொரியாவில் தீ. இரண்டிலும் குறை ஒன்றே.

வெளிநாட்டு மேகத்தில் வைத்தால்?

அப்படியானால் அரசு தானே மேகம் நடத்தாமல், அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களிடம் கொடுத்துவிடலாமே என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களிடம் பல நாடுகளில் தரவு நிலையங்கள் உண்டு. ஓட்டைகளை அடைக்கத் தனிப் படையே உண்டு. மின்னஞ்சல் போன்ற சேவைக்கு அது பல வேளைகளில் நல்ல தெரிவுதான்.

ஆனால் வேறு இடர்கள் எழுகின்றன. தரவு வேறு நாட்டில் இருந்தால் அந்நாட்டுச் சட்டமும் அதைத் தொடும். ஐக்கிய அமெரிக்காவில் 2018 இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின்படி, அமெரிக்க நிறுவனமொன்று தரவை உலகின் எந்த மூலையில் வைத்திருந்தாலும், உரிய சட்ட உத்தரவின் பேரில் அதை ஒப்படைக்குமாறு கேட்க முடியும். ஒரு நாட்டின் பிரசைகள் பற்றிய பதிவுகளுக்கு இது சிறிய விடயமன்று. இதனாலேயே இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறைவேறிய வடிவில், அரச அதிகார சபைகள் தனிப்பட்ட தரவை இலங்கைக்குள்ளேயே கையாள வேண்டும் என்பதைப் பொது விதியாகவும், வெளிநாட்டில் கையாளுவதை அனுமதியுடன் கூடிய விலக்காகவும் வைத்தது.

கட்டணமும் டொலரில். 2022 இல் எரிபொருளுக்கே டொலர் இல்லாமல் கண்டியில் எத்தனை நாள் வரிசையில் நின்றோம் என்பது உங்கள் பெற்றோருக்குத் தெரியும். அத்தகைய வேளையில் மேகத்துக்கான கட்டணம் தவறினால் என்ன ஆகும் என்பதும் திட்டமிடுவோர் எண்ண வேண்டிய ஒன்று. ஒரு வழங்குநரிடம் எல்லாவற்றையும் வைத்தபின் வேறொருவரிடம் மாறுவது கடினம் என்பதையும் சேர்த்து எழுதலாம்.

எஸ்தோனியா என்ற சிறிய ஐரோப்பிய நாடு இதற்கு ஒரு வழி கண்டது. 2007 இல் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளான அந்நாடு, முக்கியமான அரச பதிவுகளின் பிரதிகளை லக்சம்பேர்க்கில் வைப்பதற்கு 2017 இல் ஒப்பந்தம் செய்தது. இடம் லக்சம்பேர்க்கினுடையது, ஆனால் தூதரகத்துக்குரியது போன்ற பாதுகாப்பு அந்தத் தரவுக்கு வழங்கப்படுகிறது. இதைத் தரவுத் தூதரகம் என்பர்.

கடதாசியே மேல் என எழுதலாமா?

எழுதக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நம் மாவட்டத்தில் மண்சரிவும் வெள்ளமும் செய்ததை நேரில் கண்டவர்கள் நீங்கள். மண்ணுக்குள் போன வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் பாடசாலைச் சான்றிதழ்களும் போயின. அத்தகைய குடும்பத்துக்கு வேறிடத்தில் உள்ள கணினிப் பதிவு ஒன்றே ஆறுதல். அதே நாட்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்து கிடந்தன என்பதையும் மறக்க முடியாது. மேகத்தில் பத்திரமாக இருந்தாலும், பாதை அறுந்தால் அலுவலர் அதைத் திறக்க முடியாது. ஆகவே இரண்டு பக்கத்தையும் எழுதும் விடையே சிறந்த விடை.

விடை எழுதும் முறை

வினா: "அரச நிறுவனமொன்று மேகக் கணிமையைப் பயன்படுத்துவதால் ஏற்படக்கூடிய பாதுகாப்பு இடர் ஒன்றையும் அதைக் குறைக்கும் வழி ஒன்றையும் விளக்குக."

குறைவான புள்ளி பெறும் விடை: "ஹெக் பண்ணுவார்கள். பாஸ்வேர்ட் போட வேண்டும்."

நல்ல விடை: "காப்புப் பிரதியும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தால், கப்பம் கோரும் தீம்பொருள் மூலத் தரவையும் பிரதியையும் ஒருங்கே மறைகுறியாக்கம் செய்யலாம். இதனால் தரவின் கிடைக்குந்தன்மை இழக்கப்படும். நாள்தோறும் காப்புப் பிரதி எடுத்து, அதில் ஒன்றை இணைப்பற்ற நிலையில் வேறிடத்தில் வைப்பதன் மூலம் இவ்விடரைக் குறைக்கலாம்."

இவ்விடையில் இடர் என்ன, அது எந்த இலக்கைப் பாதிக்கிறது, பரிகாரம் என்ன என்ற மூன்றும் உள்ளன. "விளக்குக" என்றால் மூன்றும் வேண்டும். "குறிப்பிடுக" என்றால் ஒரு வரி போதும். நேரத்தை வீணாக்க வேண்டாம். பரிகாரம் அதே இடருக்குரியதாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தீ விபத்தை இடராக எழுதிவிட்டு, பரிகாரமாக வலிமையான கடவுச்சொல் என எழுதிய விடைத்தாள்களை வகுப்பில் பல தடவை திருத்தியிருக்கிறேன்.

பயிற்சி

கண்டி மாவட்டத்திலுள்ள பிரதேச செயலகம் ஒன்று, வெள்ள நிவாரணம் பெறும் குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றை மேகச் சேமிப்பகமொன்றில் வைக்கத் தீர்மானிக்கிறது எனக் கொள்க.

(அ) இத்தரவின் இரகசியத்தன்மை, முழுமைத்தன்மை, கிடைக்குந்தன்மை ஆகிய ஒவ்வொன்றும் கெடக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று வீதம் தருக.

(ஆ) அலுவலர் நால்வரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். இதனால் எழும் பிரச்சினைகள் இரண்டைக் குறிப்பிடுக.

(இ) ஞாயிற்றுக்கிழமை தோறும் இரவு காப்புப் பிரதி எடுக்கப்படுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலை தரவு முழுவதும் அழிந்தால், எந்நாட்களில் பதிந்த விபரங்கள் இழக்கப்படும்? அக்குடும்பங்களுக்கு அதனால் நேரக்கூடியது யாது?

(ஈ) மலைப்பாதை மூடப்பட்டு இணைய இணைப்பும் இல்லாத நாளில் நிவாரணப் பட்டியலைப் பயன்படுத்துவதற்கு, முன்கூட்டியே செய்யக்கூடிய ஏற்பாடு ஒன்றை விளக்குக. அவ்வேற்பாட்டினால் இரகசியத்தன்மைக்கு வரக்கூடிய புதிய இடரையும் எழுதுக.